ஈசூனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காப்பி

நல்ல காப்பிக்காக நகர மையத்துக்கு ஓட வேண்டாமே என்று, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே, ஞாயிறுதோறும் கூடிக் காப்பி குடிக்க ஒரு குழு தொடங்கினேன். முதல் வாரம் எட்டுப் பேர்; மூன்றாம் வாரம் இரண்டே பேர்.

"புளிக்குதே தம்பி," என்றார் எதிர்வீட்டு அக்கா. அவர் சொன்னது சரிதான். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்த, ரொபஸ்டா என்னும் கசப்பு மிகுந்த கொட்டையில் போடும் உள்ளூர்க் கோப்பிக்குப் பழகிய நாக்குகள் அவை. நானோ எடுத்த எடுப்பில் லேசாக வறுத்த, புளிப்புத் தூக்கலான எத்தியோப்பியக் காப்பியை நீட்டிவிட்டேன்.

அப்புறம் கர்நாடகத்துச் சிக்மகளூரின் அரபிக்கா வகைக் கொட்டையை நடுத்தர வறுவலில் வாங்கினேன். 15 கிராம் தூளுக்கு 240 மில்லிலிட்டர் தண்ணீர், சூடு 93 டிகிரி. இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்ததும் புளிப்பு அடங்கியது.

அதைவிடப் பெரிய மாற்றம், அக்காவின் பித்தளை ஃபில்டரையும் மேசையில் வைத்ததுதான். டிகாக்‌ஷன் அவர் பொறுப்பு. இப்போது அவர்தான் ஆள் கூட்டி வருகிறார்.