வாஷிங்டன் கடிதத்தை மேற்கோள் காட்டும் முன்

ஜார்ஜ் வாஷிங்டன் எழுதிய ஒரே கடிதம் வரைவு, அனுப்பிய தாள், பதிவேட்டு நகல் (அனுப்பும் கடிதத்தை ஏட்டில் எழுதி வைத்தது), பிற்காலப் படி என்று பல உருவில் கிடைக்கலாம். சொற்கள் ஒன்றுக்கொன்று மாறும். கையில் இருப்பது எது என்று தெரியாமல் ஒரு வரியைக்கூட எடுத்தாளாதீர்கள்.

அமெரிக்காவை நிறுவியவர்களின் கடிதங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் தொடங்குங்கள், இலவசம்தான். பெறுநர் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடுங்கள். சொல்லை வைத்துத் தேடினால் அக்கால எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும்: 'பப்ளிக்' என்பதன் கடைசியில் ஒரு 'கே' சேர்ப்பது அன்றைய வழக்கம்.

கடிதம் கிடைத்ததும் நேராக அடியில் உள்ள குறிப்புக்குப் போங்கள். 'ஏ.எல்.எஸ்.' என்றால் அவரே கைப்பட எழுதிக் கையெழுத்திட்டது. 'எல்.எஸ்.' என்றால் எழுதியது வேறு கை, கையெழுத்து மட்டும் அவருடையது. 'டி.எஃப்.' வரைவு, 'எல்.பி.' பதிவேட்டு நகல். அமெரிக்க விடுதலைப் போர்க்காலக் கடிதங்கள் பலவற்றை ஹாமில்டன் போன்ற உதவியாளர்களே எழுதினார்கள். அவற்றின் நடையைக் கொண்டு வாஷிங்டனின் மனதை அளக்க முடியாது.

அதிகம் பேர் சறுக்குவது 1750-களின் பதிவேடுகளில். இளம் அதிகாரியாக எழுதிய அந்தக் கடிதங்களை வாஷிங்டனே 1780-களில் உட்கார்ந்து திருத்தினார். இலக்கணம் சீரானது, சொற்கள் மாறின. இருபத்து மூன்று வயதுக்காரரின் குரல் என்று நாம் நம்புவது ஐம்பதைத் தாண்டியவரின் திருத்தமாக இருக்கலாம். பெறுநரிடம் போன தாள் எங்காவது மிஞ்சியிருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், 'திருத்திய பதிவேட்டிலிருந்து' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். போர்க்காலத் தாள்களுக்கு ரிச்சர்ட் வேரிக் தலைமையில் 1781–83-இல் எடுத்த 44 தொகுதிப் படிகள் உண்டு. அழகான எழுத்து, ஆனாலும் படிதான்.

அடுத்து, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் மூலத்தின் படத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். 'காங்கிரஸ்' என்ற சொல்லின் கடைசி இரண்டு 'எஸ்'ஸில் முதலாவது நீண்டு இறங்கி 'எஃப்' போலத் தெரியும், நடுக்கோடு இருக்காது. 'ஒய்-இ' என்று இருந்தால் அது 'தி' என்ற சுட்டு.

1752-க்கு முந்தைய தேதி என்றால் ஆண்டையும் சரிபாருங்கள். அதுவரை ஆங்கிலேயருக்கு மார்ச் 25-தான் புத்தாண்டு. நாளும் மாறும்: 1752-இல் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாள் கூடியது. இவ்விரண்டாலும்தான் வாஷிங்டன் பிறந்த 1731 பிப்ரவரி 11, இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

தாள் பாதி வாக்கியத்தில் நின்றால் ஸ்கேன் செய்யும்போது நேர்ந்த பிழை என்று முடிவுகட்டாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ், வாஷிங்டன் பயன்படுத்தாமல் விட்ட பதவியேற்பு உரையின் வரைவைத் துண்டு துண்டாக வெட்டி, கையெழுத்துச் சேகரிப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சத் துண்டு வேறொரு நூலகத்தில் இருக்கலாம்.