புரதமும் பாலிமரும் இணைந்த நுண்கூடுகள்: முதன்முறை செய்வோருக்கான செய்முறை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் மேன் தலைமையிலான குழு, புரோட்டினோசோம் எனப்படும் நுண்கூடுகளை 2013-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. புரத மூலக்கூறின்மீது பாலிமர் இழைகளை ஒட்டி, அந்தக் கலப்புப் பொருளையே சுவராக்கிக் கட்டப்படும் இக்கூடுகளின் உள்ளே நீர் நிறைந்திருக்கும். குறுக்களவு சில பத்து மைக்ரான்கள். செயற்கைச் செல் ஆய்வில் இறங்க விரும்பும் முதுகலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. கீழுள்ள அளவுகள் அக்குழுவின் முறையைப் பின்பற்றியவை.

முதலில் புரதத்தைத் தயார் செய்ய வேண்டும். மாட்டு ரத்தத்திலிருந்து பெறப்படும் ஆல்புமின் 200 மில்லிகிராமை 10 மில்லி நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் அமீன் தொகுதி கொண்ட டைஅமீனான டைஅமினோஹெக்சேன் 1.5 கிராமைத் தனியே 10 மில்லி நீரில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டு அதன் பிஎச் அளவை 6.5-க்கு இறக்கிய பிறகு, புரதக் கரைசலில் சொட்டுச்சொட்டாகச் சேர்க்கவும். டைஅமீன் தோலை அரிக்கக்கூடியது என்பதால் கையுறையும் ஃபியூம் ஹூடும் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) கட்டாயம். பிறகு கார்பாக்சிலையும் அமீனையும் இணைக்கும் வினைப்பொருளான இடிசி 100 மில்லிகிராம் சேர்த்தால், புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகளில் அமீன்கள் ஒட்டிக்கொள்ளும். டைஅமீனை இவ்வளவு மிகுதியாக எடுப்பதற்குக் காரணம் உண்டு: அது குறைந்தால் ஒரே டைஅமீனின் இரு முனைகளும் இரண்டு புரதங்களைப் பிணைத்துக் கட்டியாக்கிவிடும். 5 மணி நேரம் கழித்து மேலும் 50 மில்லிகிராம் இடிசி சேர்த்து, பிஎச் அளவை மீண்டும் சரிசெய்து, இன்னும் 6 மணி நேரம் கலக்கிவிட்டு, இரவு முழுவதும் டயாலிசிஸ் (சவ்வுப் பையில் இட்டுச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுதல்) செய்யவும்.

அடுத்தது பாலிமரை ஒட்டுவது. புரதத்தின் அமீன்களோடு பிணைவதற்காக முனையில் மெர்காப்டோதையசோலின் தொகுதி கொண்ட பாலி-என்-ஐசோபுரொப்பைல்அக்ரிலமைடு 20 மில்லிகிராமை, பிஎச் 8 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலிலுள்ள 10 மில்லிகிராம் புரதத்துடன் சேர்த்து 10 மணி நேரம் கலக்கவும். இந்தப் பாலிமர் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீரை விட்டுப் பிரிந்து கலங்கும் என்பதால், வெயில் காலத்தில் அறையின் வெப்பத்தைக் கவனியுங்கள்.

தொடக்கநிலையினர் அவசரப்பட்டுக் கோட்டைவிடும் இடம் இதற்கடுத்த வடிகட்டல்தான். பின்னர் எண்ணெயில் நீர்த்துளிகளாகக் கூடு கட்டும்போது, ஒட்டாமல் எஞ்சிய பாலிமரும் எண்ணெய்–நீர் எல்லைக்கு ஓடிச்சென்று இடம் பிடிப்பதால், கூட்டின் சுவரில் ஓட்டைகள் விழும். 50 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வடிகட்டி பொருத்திய குழாயில் இட்டுச் சுழற்றினால், 9 கிலோடால்டனுக்கும் குறைவான தனிப் பாலிமர் கீழே இறங்க, 66 கிலோடால்டன் புரதத்தைச் சுமக்கும் கலப்புப் பொருள் மேலேயே தங்கும். நீர் ஊற்றிப் பலமுறை சுழற்றுங்கள்; இதில் சிக்கனம் வேண்டாம்.

இனி, கூடு கட்டுதல். இரு முனைகளிலும் வினைபுரியும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பிணைப்பான் 1.5 மில்லிகிராமை, பிஎச் 8.5 உள்ள கார்பனேட் தாங்கல் 15 மைக்ரோலிட்டரில் கரைத்து, உடனே 45 மைக்ரோலிட்டர் கலப்புப் பொருளில் சேர்க்கவும். நீர் பட்டதும் பிணைப்பான் சிதையத் தொடங்கும். ஆகவே முன்கூட்டியே கரைத்து வைக்கக் கூடாது. இதன்மேல் எண்ணெயாக 1 மில்லி எத்தில்ஹெக்சனால் ஊற்றி, மூடியைத் திருகி, கையால் 10 நொடி குலுக்கினாலே போதும். எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் சிதற, துளி ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் கலப்புப் பொருள் படர்ந்து, பிணைப்பானால் உறுதிபெறும்.

48 மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, மேலே தெளிந்த எண்ணெயை எடுத்துவிட்டு, 70 சதவீத எத்தனால் 1 மில்லி சேர்க்கவும். பின் 70 சதவீத எத்தனாலிலும், 45 சதவீத எத்தனாலிலும் தலா 2 மணி நேரமும், தூய நீரில் ஒரு நாளும் டயாலிசிஸ் செய்ய வேண்டும். படிகளைத் தாண்டி நேராக நீருக்குப் போனால் எஞ்சிய எண்ணெய் வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும்.

ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். பிணைப்பு சரியாக நடந்திருந்தால் நீரிலும் உருண்டைகள் உடையாமல் நிற்கும். நடக்காதவை நீரைத் தொட்டதும் கரைந்துபோகும். அதே சொட்டை உலரவிட்டால், உள்ளிருந்த நீர் ஆவியாகி, கூடுகள் காற்றிறங்கிய பலூன்போல் மடிப்புகளோடு கண்ணாடியில் படிந்திருக்கும்.