குழந்தை பால் குடிக்கும்போது நாக்கு என்ன வேலை செய்கிறது? புது அம்மாக்களுக்கான செய்முறை

காம்பில் வலி, வெடிப்பு, எவ்வளவு நேரம் குடித்தாலும் குழந்தைக்குப் பசி அடங்காதது, இவையெல்லாம் பெரும்பாலும் குழந்தை வாய் வைக்கும் விதத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அதனால் முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தை காம்பை மட்டும் சப்பினால் பால் சரியாக வராது, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் நிறையப் போக வேண்டும்.

1. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றை ஒட்டியிருக்கட்டும். தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக, மூக்கு காம்புக்கு எதிரே. பின்னந்தலையைப் பிடித்து அழுத்தவே கூடாது, வாயைத் திறக்கும்போது குழந்தை தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும்.

2. காம்பால் மேலுதட்டை லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவது போல வாய் பெரிதாகத் திறந்து, நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னால் வரும். பாதி திறந்ததுமே அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள், வலி வருவது பெரும்பாலும் அங்கேதான்.

3. திறந்த அந்த நொடியில் குழந்தையை மார்பிடம் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோக வேண்டாம். முகவாய்தான் முதலில் படவேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் கருவளையம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழுதட்டுப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது.

4. இனி உள்ளே நடப்பது. உங்கள் நாக்கு நுனியை மேல் பற்களுக்குப் பின்னாலிருந்து அண்ணத்தோடு பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள், கெட்டியான பகுதி முடிந்து மெத்தென்று ஆகும். குழந்தையின் வாயில் காம்பு ஏறக்குறைய அந்த இடம் வரை போக வேண்டும். நாக்கு குழிந்து மார்பை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும், அப்புறம் அதன் பின்பகுதி கீழே இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் வரும். நாக்கு பிதுக்கித்தான் பால் எடுக்கிறது என்று முன்பு நம்பினார்கள், ஆனால் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபோது நாக்கு இறங்கும் நேரத்தில்தான் பால் பாய்வது தெரிந்தது.

5. கவனியுங்கள். முதலில் வேகவேகமான சின்னச் சப்பல்கள், பால் இறங்கியதும் நிதானமாக, ஏறத்தாழ நொடிக்கு ஒன்று. முகவாய் நன்றாகக் கீழே இறங்கி ஒரு கணம் நின்றால் வாய் நிறையப் பால் போகிறது என்று அர்த்தம். கன்னம் குழிவிழுந்தாலோ 'டக் டக்' என்று சத்தம் கேட்டாலோ பிடி நழுவுகிறது. குடித்து முடித்தபின் காம்பையும் பாருங்கள், சாய்வாக நசுங்கியிருந்தால் அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே அது மாட்டியிருக்கிறது.

சரி, பிடி தப்பாக இருந்தால்? அப்படியே இழுத்து எடுக்காதீர்கள். சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரமாக ஈறுகளுக்கு நடுவே விட்டால் பிடி தளரும், மறுபடி இரண்டாவது படியிலிருந்து தொடங்குங்கள்.

இத்தனை செய்தும் வலி குறையவில்லை, நாக்கு ஈறைத் தாண்டி வெளியே வரவே இல்லை என்றால், நாக்கின் அடிச்சவ்வு இறுக்கமாக இருக்கலாம். சவ்வு கண்ணுக்குத் தெரிந்தாலே வெட்ட வேண்டும் என்றில்லை, தாய்ப்பால் ஆலோசகரோ குழந்தை மருத்துவரோ குழந்தை குடிப்பதை நேரில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பிறந்து 5 நாள் ஆனபிறகும் 24 மணி நேரத்தில் 6 தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால் தள்ளிப்போடாமல் உடனே காட்டிவிடுங்கள்.