ஒளிர்பூச்சு இல்லை என்று அறிவிக்கும் முன்

"புற ஊதா ஒளியில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு விடுபட்டு, பிழையாக அச்சான தபால்தலை கிடைத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த விளக்கில் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது கள்ளநோட்டு பார்க்கும் டார்ச்சாக இருக்கும். 365 அல்லது 395 நானோமீட்டர், அதாவது லாங்வேவ் எனும் நீண்ட அலை புற ஊதா ஒளி. அமெரிக்கத் தலைகளின் பூச்சும், 1960களின் பிரிட்டிஷ் வயலட் பாஸ்பர் பட்டைகளும் 254 நானோமீட்டர் ஷார்ட்வேவுக்குத்தான் (குறுகிய அலை புற ஊதா ஒளி) அசைந்து கொடுக்கும்.

சரியான விளக்கை வாங்கிவிட்டு, தலையை மவுண்டுக்குள் (பாதுகாப்பு பிளாஸ்டிக் உறை) வைத்தபடியே பார்ப்பவர்களும் உண்டு. சாதாரண கண்ணாடியும் பல பிளாஸ்டிக்குகளும் ஷார்ட்வேவை விழுங்கிவிடும். வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறு, பளிச்சிடுவதெல்லாம் பூச்சு என்று நம்புவது. தாளை வெண்மையாக்கச் சேர்க்கும் பிரைட்டனரும் நீலவெள்ளையாக மின்னும். சோப்புத்தூள் கலந்த நீரில் ஊறிய தலையும் அப்படித்தான். பிரித்தறிய விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும்: பிரைட்டனர் அந்தக் கணமே அணைந்துவிடும், பாஸ்பர் கொஞ்சம் தாமதித்து மங்கும். அந்தத் தாமதம் மிகக் குறுகியது. அதனால் இருட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு தபால்தலைமேல் விளக்கைக் காட்டுங்கள். அணைக்கும் அதே நொடியில் கண்ணைத் திறந்தால் மிச்ச ஒளி தெரியும். விளக்கை நேராகப் பார்க்கவே கூடாது, ஷார்ட்வேவ் கண்ணைப் புண்ணாக்கும்.

நிறத்தை வைத்து ஏமாறுவது வேறு கதை. 1963ல் அமெரிக்கா முதன்முதலில் பூச்சிட்டு வெளியிட்ட 8 சென்ட் விமானத் தபால்தலை ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிரும். சாதாரணத் தலைகளோ பச்சை. ஆரஞ்சு தெரிந்ததும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பூச்சு எதற்கு என்று தெரிந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். உறையில் தலை எங்கே இருக்கிறது என்று எந்திரம் கண்டுபிடித்து முத்திரை குத்தத்தான் அது. பிரிட்டனில் இரண்டாம் வகுப்புக்கு ஒரு பட்டை, முதல் வகுப்புக்கு இரண்டு; எந்திரம் அதைப் பார்த்தே தபாலைப் பிரிக்கும். ஆக, இரண்டாம் வகுப்புத் தலையில் ஒற்றைப் பட்டை பிழையல்ல. அமெரிக்காவில் முன்முத்திரையிட்ட தலைகள் (விற்கும் முன்பே முத்திரை பதித்தவை) அந்த எந்திரத்துக்குள் போக வேண்டியதே இல்லை என்பதால், பலவற்றை வேண்டுமென்றே பூச்சின்றி அச்சிட்டார்கள்.

அப்புறம் கனடா. 1970களின் தொடக்கத்தில் அங்கே பயன்பட்ட ஓபி-4 என்ற பூச்சு நிலைத்து நிற்காது. பக்கத்துத் தலை, ஆல்பம் தாள், உறை என்று தொட்டதிலெல்லாம் பரவும். அவற்றைத் தனியாக வையுங்கள். பக்கத்தில் இருக்கும் பழைய தலை திடீரென்று ஒளிர்ந்தால், விலை கேட்கும் முன் அது எதை ஒட்டிக் கிடந்தது என்று பாருங்கள்.