முதலில் ‘போய் வருகிறேன்’ கற்றுக்கொடுங்கள்

காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு வயது 12, ஆட்டிசம் உள்ளவன். ரயிலைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவான். நான்கு பேர் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். “போனைக் கொடுத்தால் பிள்ளை இன்னும் கெட்டுப்போவான்” என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. இன்று அவனுக்கு இருக்கும் இரண்டு நட்புகளும் அந்தப் போன் வழியாகத்தான் வளர்ந்தன. இதே கவலையோடு கடைக்கு வரும் தாய்மார்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நான் செய்தது தவறு. ஓசூரில் இருக்கும் அண்ணன் மகளின் பிறந்தநாளன்று வீடியோ அழைப்பில் அவனை உட்கார வைத்தேன். திரையில் எட்டு முகங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் “வணக்கம் சொல்லுடா” என்று கத்தினார்கள். அவன் போனைக் கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டான். அன்றிரவு யோசித்தபோதுதான் புரிந்தது: உள்ளே போகச் சொன்னேனே தவிர, வெளியே வரும் வழியைக் காட்டவில்லை.

ஆகவே முதல் பாடம், விடைபெறுவது. ஜாக்கெட் துணிக்குள் வைத்து வரும் அட்டையில் “எனக்கு இன்று போதும். போய் வருகிறேன்” என்று எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டினேன். நான் அடுத்த அறையிலிருந்து அழைப்பேன். அவன் அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். ஐந்து நாள் இதே விளையாட்டு. ஆறாம் நாள் கேட்டான்: “வருகிறேன் என்றால் எப்போது என்று சொல்ல வேண்டாமா?” அன்றிலிருந்து அவன் விடைபெறுவது இப்படித்தான்: “போய் வருகிறேன், சனிக்கிழமை 5 மணிக்கு.” அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்கும் வேலையும் அதிலேயே முடிந்தது. தொடக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள்.

அடுத்தது, பேச்சுக்கு முன் கைக்கு ஒரு வேலை. நாங்கள் சதுரங்கத்தைப் பிடித்துக்கொண்டோம். லிசெஸ் என்ற இலவசத் தளத்தில் ‘கிட் மோட்’ என்று குழந்தைகளுக்கான செட்டிங் ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் அரட்டையும் தனிச்செய்தியும் மறைந்துவிடும், ஆட்டம் மட்டும் நிற்கும். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் வைத்தும் ஆடலாம். அண்ணன் மகளும் பயந்த சுபாவம். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், போன் மணி அடித்தாலே வியர்த்துவிடும். மூன்று நாள் கெடு இருவருக்கும் பொருந்தியது. ஒரு வார்த்தை இல்லாமல் ஒன்றரை மாதம் ஆடினார்கள். பிறகு ஒரு நாள் அவனாகவே என் வாட்ஸ்அப்பில் அவளுக்கு எழுதினான்: “உன் குதிரை பாவம்.” நான் அடுப்படியில் நின்று அழுதேன் என்பது வேறு கதை.

எழுத்து வந்த பிறகு குரல்பதிவு. அனுப்பும் முன் கேட்டுப் பார்த்து அழிக்கலாம் என்பதுதான் அதன் அருமை. பதினோரு முறை அழித்துவிட்டுப் பதிவு செய்வான், குறுக்கிடாதீர்கள். வீடியோ கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை. வந்தால், திரையில் தன் முகம் தெரியாதபடி மறைத்துவையுங்கள். தன் முகத்தையே கண்காணித்துக்கொண்டு யாரால் பேச முடியும்?

சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு நோட்டு வேண்டும். ஒரு முறை அண்ணன் மகள் “சிரித்துச் செத்தேன்” என்று அனுப்ப, இவன் கடைக்கு ஓடிவந்து அவள் இறந்துவிட்டாள் என்றான். அன்று தொடங்கிய நோட்டில் இப்போது நாற்பது பதிவுகள்: எந்தப் படக்குறிக்கு என்ன பொருள், “சரி” எப்போது கோபம், எப்போது வெறும் சரி.

தனக்குப் பிடித்ததைக் கொட்டித் தீர்ப்பதற்கும் ஒரு கணக்கு வைத்தோம். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் ஓடத் தொடங்கி 1941இல் நின்றுபோன குறும்பாதை ரயிலைப் பற்றி ஒரே இரவில் பதினேழு செய்தி அனுப்பினான். மூன்று அனுப்பு, பதில் வரும்வரை காத்திரு என்பது இப்போது விதி. மீதியை என்னிடம் சொல்வான். எனக்கு அந்த ரயிலைப் பற்றி எல்லாம் தெரியும்.

காத்திருப்பதுதான் பயந்த பிள்ளைக்குப் பெரிய தண்டனை. நீல டிக் வந்தும் பதில் வராவிட்டால் அண்ணன் மகள் சாப்பிட மாட்டாள். வாட்ஸ்அப் செட்டிங்கில் நீல டிக்கை நிறுத்திவிட்டோம். குழுக்களில் நிறுத்த முடியாது. அதனால் குழு இப்போதைக்கு வேண்டாம். மின்சாரம் போகும், மழையில் சிக்னல் போகும். அழைப்பு அறுந்தால் கோபம் என்று பொருளல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சொந்தமாக வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயதாக வேண்டும். ஆகவே என் போன், என் எண், என் கண் முன்னால். ஒளிந்து படிப்பதில்லை, படிப்பேன் என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். புகைப்படம், முகவரி, ஓடிபி யாருக்கும் கிடையாது. “அம்மாவிடம் சொல்லாதே” என்று எவர் சொன்னாலும் அந்த நிமிடமே என்னிடம் வர வேண்டும், திட்டு கிடையாது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 1930 இணையவழிப் பண மோசடிக்கு. இரண்டும் தையல் மெஷினுக்கு மேல் சுவரில் எழுதியிருக்கின்றன.

அழைப்பு முடிந்ததும் “என்ன பேசினாய்?” என்று தொடங்காதீர்கள். என் மகன் அரைமணி நேரம் பட்டன் டப்பாவைக் கவிழ்த்து நிறவாரியாகப் பிரிப்பான். அது அவனுக்கு ஓய்வு, எனக்கு வேலை மிச்சம்.

இந்த மாம்பழ சீசனில் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் சதுரங்கம் ஆடினார்கள். 20 நிமிடம் ஆனதும் அவன் எழுந்து, “போய் வருகிறேன், 6 மணிக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனான். அவள் தலையைத் தூக்காமல், “சரி, போய் வா” என்றாள்.