குவாச்சன் மியூசியமும் இலையுதிர் காலமும்: ஒரே பகலில் பார்ப்பது எப்படி

கொரியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் நம்மவர்கள் "இலை நிறம் மாறுவதை எங்கே போய்ப் பார்ப்பது?" என்று கேட்டால் நான் மலைப் பெயர் எதுவும் சொல்வதில்லை. சியோலுக்குத் தெற்கே, தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் குவாச்சன் கிளைக்குப் போகச் சொல்வேன். 1986-இல் சோங்கியே மலையடிவாரத்தில் கட்டியது. காடும் கலையும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டில் எதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை.

அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் வாரமும்தான் சரியான சமயம். சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். லீவு கிடைத்தால் வாரநாளில் போங்கள். திங்கள் விடுமுறை. கூகுள் மேப் இந்த ஊரில் நடைவழியை ஒழுங்காகக் காட்டாது, நேவர் மேப்பையோ ககாவோ மேப்பையோ போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சப்வே நான்காவது லைனில் சியோல் கிராண்ட் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் மியூசியத்துக்கு ஷட்டில் பஸ் இருக்கிறது. போகும்போது அதில் ஏறாதீர்கள். ஏரிக்கரையோரமாக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது, பார்க்க வேண்டியதில் பாதி அந்த வழியிலேயே இருக்கிறது. கிங்கோ மரத்தையும் மேப்பிளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கிங்கோவின் மஞ்சள் புதிதாக வந்ததல்ல. பச்சையம் சிதைந்ததும், இலைக்குள் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்போ இலை உதிரப்போகும் நேரத்தில் புதிதாகச் செய்துகொள்ளும் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்த வருடங்களில் அந்தச் சிவப்பு தனி அழகு. ஒரே கிளையில் வெயில் பட்ட இலை சிவந்தும், நிழலில் இருந்தது பச்சை மாறாமலும் இருக்கும். நின்று பார்க்க வேண்டிய காட்சி அது.

உள்ளே போனதும் எல்லா அறைகளையும் முடித்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். நடுக்கூடத்தில், கொரியாவில் பிறந்த வீடியோ கலைஞர் நாம்-ஜூன் பைக்கின் 'ததா இக்சன்' என்ற டிவி கோபுரம் நிற்கிறது. அது ஒன்றுக்கே ஒரு மணி நேரம் கொடுக்கலாம். 1988-இல் நிறுவிய 18.5 மீட்டர் உயரக் கோபுரம்; பகோடா போல மேலே போகப்போகக் குறுகும்; மொத்தம் 1,003 டிவிகள். கொரியா தோன்றிய நாளாகக் கொண்டாடும் அக்டோபர் 3, அதாவது 10-ஆம் மாதம் 03-ஆம் தேதிதான் அந்த எண். பழுதாகி 2018-இல் நிறுத்தியவர்கள், 2022-இல் மறுபடி ஓட விட்டார்கள். 737 பழைய பிக்சர் ட்யூப் டிவிகளைச் சரிசெய்தோ மாற்றியோ வைத்து, உச்சியில் இருந்த 266 சின்ன டிவிகளுக்கு மட்டும் எல்சிடி பொருத்தினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கோபுரத்தைச் சுற்றி ஏறும் சாய்தளத்தில் மெதுவாக நடந்தால், கீழடுக்கின் புடைத்த கண்ணாடியும் மேலே இருக்கும் தட்டைத் திரையும் வேறு வேறு என்பது கண்ணில் படும். ஒரு பொருளை உயிரோடு வைத்திருக்க எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஆனால் திரைகள் நாள் முழுக்க ஓடாது. ஓடும் நேரத்தை மியூசியத்தின் இணையதளத்தில் பார்த்து, அதற்கேற்ப உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற அறைகளில் மனசு நிற்கும் இரண்டு மூன்று படைப்புகள் போதும். முதலில் படைப்பைப் பாருங்கள், சுவரில் இருக்கும் விளக்கத்தைப் பிறகு படியுங்கள். புரியவில்லை என்றால் ஒன்றும் குறைந்துபோகாது.

வெளியே சிற்பத் தோட்டத்துக்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கலைஞர் ஜொனாதன் பொரோஃப்ஸ்கியின் 'பாடும் மனிதன்' சிலை அங்கே மலையைப் பின்னால் வைத்து நிற்கிறது. தாடை அசைய, ஒரு முனகல் பாட்டு தோட்டமெங்கும் கேட்கும். வீட்டு ஞாபகம் வாட்டும் நாட்களில் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆறுதல்.

நவம்பரில் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், உடனே குளிர் ஏறும். மதியம் சட்டை போதும் போலத் தோன்றினாலும் ஜாக்கெட் அவசியம். திரும்பும்போது ஷட்டிலில் வரலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று உள்ளே நுழையும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.