பனிச்சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தெரிவு செய்தல்

திருகோணமலையில் மார்கழி மாரி கொட்டும் இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகையால் இங்கே டயர் வாங்குபவர் அளவையும் விலையையும் தேய்மானத்தையும் பார்ப்பாரே தவிர, குளிரில் அந்த றப்பர் என்னவாகும் என்று கேட்கும் தேவை அவருக்கு வருவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாமலேயே நம் பிள்ளைகள் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போய்ச் சேருகிறார்கள். மொன்றியலில் டயர் பூட்டும் கராஜ் ஒன்றில் 9 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு உப்புவெளிக்குத் திரும்பிய என்னிடம், ஸ்காபரோவில் இருக்கும் தங்கையின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினான். பின்சக்கரங்களை இயந்திரம் சுழற்றும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அதில் பூட்டியிருக்கும் அகன்ற டயர்களே பனிக்கும் போதும் என்று விற்றவர் சொன்னதாகவும் கூறினான். அவை போதா. அவனுக்குச் சொன்னவற்றையே, அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது றப்பரின் தன்மை. ஸ்போர்ட்ஸ் கார்களுடன் பெரும்பாலும் வரும் கோடைகால டயரின் றப்பர், சூடான தாரில் ஒட்டிப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டது. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனதும் அது இறுகத் தொடங்கும், உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனால் வெடிப்பு விழவும் கூடும். குளிர்கால டயரின் றப்பரில் சிலிக்கா கூடுதலாகச் சேர்க்கப்படுவதால் அது கடுங்குளிரிலும் நெகிழ்வு கெடாமல் இருக்கிறது. எனவே பனி விழும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காலை வேளைகளில் தொடர்ந்து 7 பாகைக்குக் கீழே காட்டத் தொடங்கும்போதே டயரை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது டயரின் பக்கச் சுவரில் இருக்கும் அடையாளம். எம், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் மட்டும் பொறிக்கப்பட்டிருந்தால், அது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. அதற்குப் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று சிகரங்கள் உள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரையப்பட்ட சின்னமே சோதனையில் தேறியதைக் காட்டும். ஆனால் வட அமெரிக்காவில் அந்தச் சோதனை, இறுகிய பனியில் டயர் எவ்வளவு வலுவாக இழுத்துப் புறப்படுகிறது என்பதையே அளக்கிறது. பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதையோ வளைவில் திரும்புவதையோ அது அளப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் சில டயர்களிலும் இதே சின்னம் உண்டு. பின்சக்கர இழுவையும் பெரிய இயந்திரமும் கொண்ட காருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்காலத்துக்கென்றே செய்த டயரை வாங்குங்கள்.

அகலம் குறித்துத்தான் நம்மவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், அந்தத் தவறுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. நிலாவெளிக் கடற்கரை மணலில் வாகனத்தை இறக்குபவர் டயரின் காற்றைக் குறைத்து, அதன் அடியை அகலமாக்கிக்கொள்வார். மணலுக்கு அடியில் பிடித்து நிற்பதற்கு எதுவும் இல்லாததால் புதையாமல் மேலே மிதந்து போவதே அங்கு வழி. இதைக் கண்டு வளர்ந்தவருக்குப் பனியிலும் அகலமே உதவும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நகரச் சாலையில், விழுந்த பனிக்குச் சில அங்குலம் கீழே தார் இருக்கிறது. ஒடுங்கிய டயருக்கு முன்னால் ஒதுக்க வேண்டிய பனியின் அகலம் குறைவு, அது பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். அகன்ற டயரோ பனியின் மேல் ஏறி வழுக்கும். அத்துடன், குளிர்கால டயரின் ஆழமான பள்ளங்கள் பனியை உள்ளே அடைத்து வைத்துக்கொள்கின்றன. பனியைப் பனியே நன்றாகப் பற்றும் என்பதால் அந்த அடைப்பு தீமையன்று. பள்ளங்களுக்கு இடையே உள்ள கட்டிகளில் கத்தியால் கீறியதுபோல் தெரியும் மெல்லிய வெட்டுகள் வளைந்து திறந்து, ஒவ்வொன்றும் ஒரு விளிம்பாகச் சாலையைக் கவ்வுகின்றன.

எனவே சக்கரத்தின் விட்டத்தை ஓரிரு அங்குலம் குறைத்து, சற்று ஒடுங்கிய, பக்கச் சுவர் உயர்ந்த டயரைப் பூட்டலாம். எடுத்துக்காட்டாக, 255/40 ஆர் 19 அளவுள்ள (அகலம் 255 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 40, சக்கர விட்டம் 19 அங்குலம்) டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 687 மில்லிமீற்றர். 235/55 ஆர் 17 அளவுள்ளது 690 மில்லிமீற்றர். உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் வேகமானி பிழையாகக் காட்டாது, உயர்ந்த பக்கச் சுவர் சாலைக் குழிகளில் சக்கர விளிம்பையும் காக்கும். இதில் ஒரு தடை உண்டு: பெரிய பிரேக் உள்ள கார்களில் சிறிய சக்கரம் பிரேக்கின் மேல் உட்காராமல் முட்டும். ஆகவே காரின் கைநூலில் அனுமதிக்கப்பட்ட அளவுகளைப் பார்த்து, பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் கைநூலில் உள்ளதை விடக் குறையவே கூடாது. டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் வேகக் குறியீடு சற்றுக் குறைவாக இருக்கலாம்; எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர், டி என்றால் 190. அப்படி வாங்கினால் அந்த எல்லை ஓட்டுபவரின் நினைவில் இருக்க வேண்டும்.

நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயரே வேண்டும். என் முதல் மொன்றியல் குளிர்காலத்தில், காசை மிச்சம் பிடிக்க எண்ணி, பின்னால் மட்டும் இரண்டு குளிர்கால டயர்களைப் பூட்டினேன். கார் நன்றாகப் புறப்பட்டது. முதல் சந்தியில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபோது முன்சக்கரங்கள் திரும்பியும் கார் நேரே போய் நடைபாதை விளிம்பில் மோதி நின்றது. அங்கே யாரும் நிற்கவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். முன்னால் மட்டும் பூட்டியிருந்தால் பின்பக்கம் சுழன்று வந்திருக்கும். இழுவை எந்தச் சக்கரத்தில் இருந்தாலும், நிற்பதும் திரும்புவதும் நான்கையும் நம்பித்தான் நடக்கின்றன.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் குளிர்கால டயர் பூட்டியவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு வழங்க வேண்டும், கேட்டுப் பெறுங்கள். ஆணி பதித்த டயருக்குத் தெற்கு ஒன்ராறியோவில் அனுமதி இல்லை.

பாவித்த டயர் வாங்குவதானால், பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயரைப் பனிச்சாலையில் பாவிக்கக் கூடாது. தாழ்வான காரின் அடிவயிறு பனியில் அமர்ந்துவிட்டால் எந்த டயராலும் அதை இழுக்க முடியாது என்பதால், ஆழமாகப் பனி கொட்டிய நாளில் அதை வெளியே எடுக்க வேண்டாம்.

காற்றைக் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 பாகை குறையும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் அழுத்தம் இறங்கும். சூடான கராஜில் அளந்து அடித்தது, உறைநிலைக்குக் கீழே 15 பாகையில் நிற்கும் காலையில் 5, 6 இறாத்தல் குறைந்திருக்கும். பூட்டி முடித்ததும் பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது கார் முன்னோக்கி ஓடும் திசையைக் காட்டுகிறதா என்று நான்கு பக்கமும் நடந்து பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடுவதற்குள் அதே கராஜுக்குத் திரும்பிப் போய், சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.